படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பாருங்கள்

நிலக்காட்சிப் படத்தைத் திருத்தி முடித்ததும், சேமிப்பதற்கு முன் ஒருமுறை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். லைட்ரூம், கிம்ப், ஸ்னாப்சீட் ஆகிய படம் திருத்தும் செயலிகள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. சில நொடி வேலைதான்.

ஒரே படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் குறைகள் கண்ணுக்குப் பழகிவிடும். திருப்பியதும் அது புதுப் படம் போலத் தெரியும். தொடுவானம் இடப்பக்கம் 1 டிகிரி சாய்ந்திருந்தால் இப்போது வலப்பக்கம் 1 டிகிரி சாயும். இரண்டுக்கும் இடையே 2 டிகிரி வித்தியாசம் என்பதால் சட்டென்று பிடிபடும். ஓரத்தில் கவனத்தை இழுக்கும் வெளிச்சப் புள்ளி, ஒரு பக்கம் மட்டும் கனமாக நிற்கும் பாறை, இதெல்லாம்கூட அப்படித்தான். நண்பரின் படத்துக்குக் கருத்துச் சொல்லும் முன்பும் இதைச் செய்து பார்க்கலாம், மிகவும் உதவும்.

நிறம் கூடிப்போனதை மட்டும் இது காட்டிக்கொடுக்காது. அதற்குப் பத்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்து, மூலப் படத்தோடு ஒப்பிடுவதுதான் சரி. அப்புறம், பார்த்தவுடன் அடையாளம் தெரியும் மலையோ, எழுத்துள்ள பலகையோ படத்தில் இருந்தால் மறக்காமல் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள்.