ஸ்டெப் மூலையில் ரேடியஸ் எங்கே?

போன வாரம் கோவை பீளமேட்டில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் புளோயர் ஷாஃப்ட் (காற்றூதும் ஃபேனின் சுழல்தண்டு) டிராயிங்கைக் கொண்டுவந்து காட்டினான். கோடு சுத்தம், அளவு சுத்தம். 50 மி.மீ. விட்டம் 40-ஆக இறங்கும் ஸ்டெப்பில் மட்டும் மூலை, ரேடியஸ் என்கிற வளைவு இல்லாமல் கத்திபோல் நின்றது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நான் போட்ட அதே டிராயிங். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போல்ட்டை முறுக்க மறப்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பேப்பரில் இருக்கும்போதே உடைந்துபோகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ரேடியஸ் போடாமல் விடுவது

என் ஷாஃப்ட் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் ஃபேனில் ஓடியது. மூன்றாவது வாரம் ராத்திரி போன். "ஏனுங்க, ஷாஃப்ட் ரெண்டாப் போயிருச்சுங்க. புல்லி, தடுப்புக் கார்டைப் பிச்சுக்கிட்டுப் போயி சுவத்துல அடிச்சிருக்குது." அந்த நேரம் அங்கே ஆள் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரும்புதான் மட்டம் என்று முடிவு கட்டி, இஎன்8 ரகத்துக்குப் பதில் அதைவிட உறுதியான இஎன்24 போட்டேன். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் அதுவும் முறிந்தது. உறுதி கூடின இரும்பைக் கூர்மூலை இன்னும் அதிகமாகப் பாதிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பழைய டர்னர்தான் முறிந்த துண்டை வெயிலில் பிடித்துக் காட்டினார். "மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே, அது மாதிரி பாரு கண்ணு. இது ஒரே நாள்ல ஒடையல." ஸ்டெப் மூலையில் தொடங்கிய வழுவழுப்பான வளையங்கள் உள்ளே உள்ளே போய், நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு இடம் மட்டும் சொரசொரவென்று மின்னியது. கடைசி நாள் அந்தக் காசளவு இரும்புதான் மொத்தப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது.

பெல்ட் ஒரே பக்கம் இழுக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் மேல்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நசுங்குகிறது. நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்றால் ஒரு நாளைக்கு 20 லட்சத்துக்கு மேல். ஐந்தே நாளில் ஒரு கோடி. வாய்க்கால் சட்டென்று குறுகும் இடத்தில் தண்ணீர் சுழித்துக் கரையை அரிக்குமே, அப்படிக் கூர்மூலையில் விசை இரண்டு மூன்று மடங்காகக் குவியும்.

1842-ல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷமே, அச்சு குறுகும் இடத்தை வளைவாகக் கடையச் சொல்லி ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் எழுதினார். 180 வருஷம் தாண்டியும் அந்த மூலை டிராயிங்கில் வந்து நின்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இளசுகள் இதை விடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 40 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறும் 6308 பேரிங்கின் உள்மூலை வளைவு 1.5 மி.மீ. ஷாஃப்ட்டில் அதைவிடப் பெரிய ரேடியஸ் இருந்தால் பேரிங் ஸ்டெப்பின் தோளில் ஒட்டி உட்காராது. அந்தப் பயத்தில் ஒன்றுமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். 1.5-க்குள் போடுங்கள். அது போதாத பாரமென்றால் பெரிய ரேடியஸ் கொடுத்து, உள்முனை சரித்த ஸ்பேசர் ரிங் ஒன்றை நடுவில் வையுங்கள். அளவை டிராயிங்கில் எழுதுங்கள். கோவை கணபதிப் பகுதியில் லேத் பிடிப்பவர் பேப்பரில் இருப்பதைத்தான் கடைவார்.

முறிந்த ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்துத் தேற்றுவது

வேண்டாம்.

இரண்டு பேரிங்கையும் நகராமல் பூட்டுவது

ஒரு மீட்டர் ஷாஃப்ட் 50 டிகிரி சூடேறினால் அரை மி.மீ.க்கு மேல் நீளும். ஒரு பேரிங்கைப் பூட்டுங்கள், மற்றது நகரட்டும்.

கை எட்டாத கிரீஸ் நிப்பிள்

அவிநாசிப் பக்கம் ஒரு மில்லில் பேரிங் கருகிப் போயிருந்தது. ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டேதான் போனேன். கார்டைக் கழற்றி, டார்ச் அடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான், கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளே கண்ணில் பட்டது. அனுப்பும்போது நாங்கள் அடித்த பச்சைப் பெயிண்ட் அதன் வாயில் அப்படியே மூடியிருந்தது.