வீட்டுக் கொல்லையில் தேனீப் பெட்டி: பொந்திலிருந்து மாற்றுவதும் ஓடாமல் வைத்திருப்பதும்

தேனீ வளர்க்க வருபவர்கள் கொட்டுக்குத்தான் அஞ்சுகிறார்கள். கொட்டிய வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிடும். ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் வெறும் அடை மட்டும் தொங்குகிறதே, அதுதான் இழப்பு. நம் ஊர் அடுக்குத் தேனீக்கு இடம் பிடிக்காமல் போனால் ராணியைக் கூட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும். முதல் பத்து நாளைக் கடத்திவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. அதனால் கூட்டைப் பெட்டிக்கு மாற்றும் நாளைப் பற்றி இங்கே விரிவாகவும், மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

எந்தத் தேனீ

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டுபவை. பெட்டியில் நிற்காது, முயல வேண்டாம். இத்தாலியத் தேனீ பெட்டியில் நன்றாக நிற்கும், தேனும் நிறையத் தரும். ஆனால் அதற்குப் பெரிய பூப்பரப்பு வேண்டும், பூக்காலம் பார்த்துப் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். கொல்லையில் ஒன்றிரண்டு பெட்டி வைப்பவருக்கு அது ஒத்துவராது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் மாடித் தோட்டத்துக்கும் கொட்டாத கொசுத்தேனீ நல்லது. தேன் சில நூறு கிராம்தான் கிடைக்கும். மற்றவர்களுக்கு, இருட்டுப் பொந்தில் வரிசையாகப் பல அடை கட்டும் அடுக்குத் தேனீ. இனி வருவதெல்லாம் அதைப் பற்றியே.

பெட்டி

நியூட்டன் பெட்டி வாங்குங்கள். 1910களில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்த சிறிய பெட்டி இது. கீழே ராணி முட்டையிட்டுப் புழு வளரும் புழு அறை, அதில் அடை கட்டுவதற்கான 7 மரச் சட்டம். சட்டத்தின் உள்ளளவு ஏறத்தாழ 20.5 × 14 செ.மீ. மேலே தேன் அறை, அதன் சட்டம் பாதி உயரம் கூட இருக்காது. இவற்றோடு அடிப்பலகை, உள்மூடி, மேல்மூடி, தாங்கி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இடைவெளி. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 7 முதல் 8 மி.மீ. வேண்டும். அதைவிடக் கூடினால் தேனீ அங்கேயும் அடை கட்டும், சட்டத்தைத் தூக்கும்போது பிய்ந்துவரும். குறைந்தால் நடமாட்டம் நின்று அந்த மூலையில் மெழுகுப்பூச்சி குடியேறும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 31, 32 மி.மீ. வர வேண்டும். இத்தாலியத் தேனீக்கான சட்டம் 35 மி.மீ. கணக்கில் இருக்கும், இரண்டையும் கலக்கக் கூடாது. அளவுகோலோடு கடைக்குப் போங்கள்.

பலகை நன்றாகக் காய்ந்ததாக, வாடையில்லாததாக இருக்கட்டும். வர்ணம் வெளிப்பக்கம் மட்டும். புதுப்பெட்டி என்றால் ஒரு வாரம் காற்றாட வைத்து, உள்ளே பழைய தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள்.

இடம்

காலை வெயில் படட்டும், நண்பகலில் நிழல் இருக்கட்டும். வாசல் கிழக்குப் பார்த்து இருந்தால் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். வாசலுக்கு நேரே நடைபாதையோ துணிக்கொடியோ இருக்கக் கூடாது. இரவு முழுக்க எரியும் விளக்கும் வேண்டாம், வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும். அருகில் தண்ணீர் வேண்டும்: அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு நீர் ஊற்றிவைத்தால் போதும்.

தாங்கியின் கால்களை எறும்புக் கிண்ணத்தில், அதாவது எறும்பு ஏறாதபடி நீர் ஊற்றிய கிண்ணத்தில், நிறுத்துங்கள். கிண்ணத்தைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

பொந்திலிருந்து பெட்டிக்கு

காசு கொடுத்துக் குடும்பத்தோடு பெட்டியாகவே வாங்கலாம். மார்த்தாண்டம் வட்டாரத்தில் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, முதல்முறைக்கு அதுதான் என் பரிந்துரை. ஆனால் சுவர்ப் பொந்திலோ கவிழ்த்த பானையிலோ பழைய மீட்டர் பெட்டியிலோ கூடு இருந்து, வீட்டுக்காரர் கொளுத்தப் பார்க்கிறார் என்றால், அதைக் காப்பாற்றி எடுத்துவருவது நல்ல தொடக்கம்.

தேவை: புகைப்பான், முகவலை, கூரிய மெல்லிய கத்தி, ஐந்து வெற்றுச் சட்டங்கள், தண்ணீரில் ஊறவைத்த வாழைநார், மூடியுள்ள பாத்திரம், ராணி வாயில் தகடு (வேலைக்காரத் தேனீ போய்வரலாம், ராணி வெளியேற முடியாத துளைத் தகடு). வெளிர்நிறச் சட்டை போடுங்கள். வாசனைத் தைலம், தலையில் மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம்.

மாலை நாலரை மணிக்குத் தொடங்குங்கள். தேங்காய்நார்ப் புகையை மூன்று நான்கு முறை மெதுவாக ஊதிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அடுக்குத் தேனீக்குப் புகை கொஞ்சம்தான் தேவை. ஊதிக்கொண்டே இருந்தால் அடங்குவதற்குப் பதில் அடையை விட்டு ஓடும், ராணியும் கூட்டத்துக்குள் மறைந்துவிடும்.

ஓரத்து அடையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தெடுங்கள். மேல் நுனி எது என்பதைக் கைமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடையில் ஒட்டியிருக்கும் தேனீக்களை இலைக்கொத்தால் பொந்துக்குள்ளேயே தள்ளிவிடுங்கள்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஓர் அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தடித்த, வெளிறிய பகுதி தேன். அதற்குக் கீழே பல நிறத்தில் மகரந்தம். அடியில் பழுப்பு மூடியிட்ட, மெத்தென்ற பகுதி புழு. தேன் பகுதியோடு சேர்த்து அப்படியே சட்டத்தில் கட்டினால், கனம் தாங்காமல் இரவில் அறுந்து விழும். தேன் வழிந்து தேனீக்கள் ஒட்டிச் சாகும், வாடைக்கு எறும்பு வரும், மறுநாள் பெட்டி காலி. ஆகவே தேன் பகுதியை நேர்கோட்டில் வெட்டிப் பாத்திரத்தில் போட்டு உடனே மூடிவிடுங்கள். சட்டத்தில் ஏறுவது புழு அடை மட்டும், விளிம்பில் விரலகலம் மகரந்தம் இருக்கலாம்.

வெட்டிய நேர்விளிம்பு சட்டத்தின் மேல்கட்டையில் இடைவெளி இல்லாமல் அழுந்தி உட்கார வேண்டும். வாழைநாரை மேல்கட்டையோடு சேர்த்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். அடை நசுங்காத இறுக்கம் போதும். அடையில் உள்ள சிற்றறைகள் வாய்ப்பக்கம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அடையைத் தலைகீழாகக் கட்டினால் சாய்வு கீழ்நோக்கி மாறிவிடும். அதனால்தான் மேல் நுனியை நினைவில் வைக்கச் சொன்னது.

நூல், ரப்பர் பேண்ட், நைலான் என்று எத்தனையோ பயன்படுத்துகிறார்கள். வாழைநாருக்கு ஈடில்லை. நான்கைந்து நாளில் தேனீக்கள் அடையை மெழுகால் கட்டையோடு ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துத் துண்டுதுண்டாக வாசலில் இழுத்துப் போடும். அந்த நார்த்தும்பைப் பார்த்தாலே குடும்பம் வீட்டை ஏற்றுக்கொண்டது என்று தெரியும். நைலானில் கால் சிக்கிச் சாகும்.

கட்டிய சட்டங்களைப் பொந்தில் இருந்த அதே வரிசையில் பெட்டியின் நடுவில் வையுங்கள். அடுத்து ராணி. மற்றவற்றைவிட நீளமாக, கருமையாக, வயிறு சிறகைத் தாண்டி நீண்டிருக்கும். தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கூட்டம் திரண்டிருக்கும் இடத்தில் கையை மெதுவாக அடியில் கொடுத்துக் குத்துக்குத்தாக அள்ளிச் சட்டங்களின் மேல் விடுங்கள். ராணி உள்ளே போய்விட்டால் பெட்டி வாசலில் சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடிக்கும், வெளியே இருப்பவை வரிசையாக உள்ளே நடக்கும். மாறாக, கூட்டம் பொந்துக்கே திரும்புகிறது என்றால் ராணி இன்னும் அங்கேதான். மறுபடி அள்ளுங்கள்.

இருட்டும் வரை பெட்டி பொந்தின் அருகிலேயே இருக்கட்டும். எல்லாம் அடைந்தபின் வாசலில் ராணி வாயில் தகட்டைப் போட்டு, வலையால் மூடி, குலுங்காமல் எடுத்துப் போங்கள். புது இடம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் வெளிவேலைத் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும், பொந்தைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

முதல் பத்து நாள்

மறுநாள் மாலை 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 200 மி.லி. கொதித்த நீரில் கரைத்து, ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, மூழ்காமல் நிற்கச் சுள்ளி போட்டு சட்டங்களின் மேல் வையுங்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். மாலையில் மட்டும் கொடுங்கள். பகலில் கொடுத்தால் அக்கம்பக்கத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். ஒரு சொட்டும் வெளியே சிந்தக் கூடாது.

பாகு வைப்பதற்குத் தவிர, நான்கு நாளைக்கு மூடியைத் திறக்காதீர்கள். ஆர்வம் புரிகிறது, ஆனாலும் வாசலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போகின்றனவா? அப்படியென்றால் உள்ளே ஊட்டுவதற்குப் புழு இருக்கிறது. ஐந்தாம் நாள் திறந்து, புது வெள்ளை அடையும் அறை அடியில் அரிசிக்குருணை போல் நிற்கும் முட்டையும் தெரிந்தால் ராணி வாயில் தகட்டை எடுத்துவிடுங்கள். மறந்து மாதக்கணக்கில் விட்டால் ஆண் தேனீக்கள் வெளியேற முடியாமல் வாசலை அடைக்கும், உள்ளே கன்னி ராணி இருந்தால் இணையப் பறக்கவே முடியாது.

ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியபடி இருந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன என்று பொருள். வேறொரு பெட்டியோடு இணைப்பதைத் தவிர வழி குறைவு.

பெட்டியைத் திறந்து பார்ப்பது

பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறாத காலையில். சட்டத்தை எப்போதும் செங்குத்தாகவே பிடியுங்கள். புது அடையைப் படுக்கவைத்துப் பார்த்தால் மடிந்து உடையும். மறுபக்கம் பார்க்க, மேல்கட்டையை நட்டமாக நிறுத்தி, கதவைத் திருப்புவது போல் திருப்புங்கள்.

முட்டை, புழு, மகரந்தம், தேன் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் நடுவில் ஊசித்துளை போல் ஓட்டை உள்ள கூம்பு அறைகள் தெரிந்தால் பதற வேண்டாம், அவை ஆண் தேனீ அறைகள். நம் தேனீக்கு அது இயல்பு. அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போல் தொங்கினால் ராணி அறை, குடும்பம் பிரியத் தயாராகிறது. பெட்டியைப் பிரிப்பதற்கில்லை என்றால் அந்த அறைகளைக் கிள்ளி, தேன் அறை வைத்து இடம் கொடுங்கள்.

அடிப்பலகையைத் துடைப்பதுதான் அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சிக்கு முதல் மருந்து. நம் தேனீ பழைய அடையைக் கடித்துக் கீழே கொட்டும், அந்தத் தூளில்தான் பூச்சி முட்டையிடும். தேனீ மூடாத அடைகளை எடுத்துவிடுங்கள்.

புழுக்கள் அறைக்குள் நெட்டுக்குத்தாகச் செத்து, குறடால் இழுத்தால் நீர் நிறைந்த பைபோல வந்தால் அது தாய் பைப்புழு நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை அழித்தது இந்த வைரஸ்தான். மருந்து கிடையாது. நோயுற்ற அடைகளை எரித்து, ராணியைச் சில வாரம் கூண்டிலடைத்து முட்டையிடுவதை நிறுத்தி, அந்தப் பெட்டிச் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருப்பதே வழி.

பஞ்ச காலம்

கன்னியாகுமரியில் ரப்பர் தளிர்விடும் மாசி, பங்குனியில் தேன் கொட்டும். தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. மற்ற ஊர்களில் முருங்கை, புளி, வேம்பு, புங்கை, எள். அதன்பின் மழை மாதங்களில் ஒன்றும் இருக்காது. ஓடிப்போவது பெரும்பாலும் அப்போதுதான். முன்னறிகுறி உண்டு: மகரந்த வரத்து நிற்கும், முட்டை இராது, மூடிய தேன் குறைந்துகொண்டே வரும். இதைக் கண்டதும் வாரம் ஒருமுறை சர்க்கரைப் பாகு கொடுத்து, வெற்று அடைகளை எடுத்து, தேனீ அடர்ந்து நிற்கும்படி புழு அறையைச் சுருக்குங்கள். எல்லா அடையும் காலியான பிறகு ஊற்றும் பாகு அவற்றுக்கு வழிச்செலவாகத்தான் போகும்.

எறும்புக் கிண்ணம்: பிறகு சேர்த்தது

கிண்ணத்தில் நீர் இருந்தும் எறும்பு ஏறுகிறது என்றால் மூன்று இடம் பாருங்கள்: பெட்டியைத் தொடும் புல், கிண்ணத்தில் விழுந்து பாலமான சருகு, வெயிலில் வற்றிய நீர். கொசுப்புழு வரும் என்பதும் உண்மை. மூன்று நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி மாற்றுங்கள். முடியாதவர்கள் வண்டியின் கழிவு எண்ணெயை விரலளவு ஊற்றலாம், ஆனால் தேனீ விழாதபடி மேலே தகடு மறைக்க வேண்டும்.

தேன் எடுப்பது

தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்கு வெள்ளை மெழுகால் மூடியிருந்தால் எடுக்கலாம். மூடாததில் நீர் அதிகம், பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். சுழற்றும் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள், பிழிய வேண்டாம். மெழுகு சுரக்கத் தேனீ தான் சேர்த்த தேனைத்தான் உண்கிறது. வெற்று அடையைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த தேன் சீக்கிரம் நிறையும். நல்ல பெட்டி ஆண்டுக்கு 5 முதல் 8 கிலோ தரும், ரப்பர் பகுதியில் கூடுதலாகவும். புழு அறைத் தேனைத் தொடாதீர்கள், அது அவற்றின் மழைக்காலச் சோறு.

எடுத்த தேனை மெல்லிய துணியில் வடித்து, ஒரு நாள் வைத்தால் நுரை மேலே வரும், அள்ளிவிடுங்கள். ஈரப்பிசுக்கோடு இருக்கும் சட்டங்களை அன்று மாலையே, இருட்டும் நேரத்தில், அதே பெட்டிக்குத் திருப்பி வையுங்கள். விடிவதற்குள் நக்கித் துடைத்திருக்கும்.

கொட்டினால் கொடுக்கை உடனே எடுங்கள், நகத்தாலோ கத்தி முனையாலோ. முறையைவிட வேகம் முக்கியம். அந்த இடத்தைக் கழுவி, அருகில் புகை காட்டுங்கள், கொட்டிய வாடைதான் மற்றவற்றையும் இழுக்கும். மூச்சுத்திணறல், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.