கடலை ஓட்டில் சாயம் ஒட்டுமா? வீட்டிலேயே பார்க்கலாம்

ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் இரண்டுக்குப் பஞ்சமே இல்லை: வேர்க்கடலை ஓடு, சாயத் தண்ணீர். விசைத்தறி ஊர் அல்லவா! இங்கே ஆற்றில் இறங்குவது இங்கேயே நிற்பதில்லை. நகரியாறு கொசஸ்தலையாற்றில் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். சாயத்தை ஓடு பிடித்துக்கொள்ளுமா என்று இந்த ஓட்டின் மேல் எனக்கு ஒரு கண் இருப்பது அதனால்தான்.

முதல் முறை ஓட்டை அப்படியே அரைத்து நீலச் சாயத் தண்ணீரில் போட்டேன். நீலம் போகவில்லை, கூடவே டீ டிகாஷன் நிறமும் சேர்ந்துகொண்டது. ஓட்டிலேயே நிறம் இருக்கிறது, அதை முதலில் எடுக்க வேண்டும். இரண்டு கைப்பிடி ஓட்டை மண் போகக் கழுவி, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்துவிடுங்கள். வடிநீர் தெளியும்வரை மூன்று நான்கு தடவை இதையே செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பழைய மிக்ஸியில் ரவை பதத்துக்கு அரையுங்கள். மாவாக்கினால் தண்ணீரில் மிதந்து கலங்கலாகவே நிற்கும்.

சாயத்துக்கு, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ போதும். கையுறை போடுங்கள், விரலில் பட்டால் சீக்கிரம் போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நல்ல நீலமானதும் நிறுத்துங்கள். ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு டீஸ்பூன் ஓட்டுத் தூள். இரண்டையும் இரண்டு மணி நேரம், அவ்வப்போது குலுக்குங்கள். தூள் போடாத பாட்டில் எதற்கு என்றால், மெத்திலீன் ப்ளூ பாட்டில் சுவரிலும் ஒட்டும். அதை ஓட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்புறம் இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேல்நீரை மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டாதீர்கள்! பருத்தியும் இந்தச் சாயத்தைப் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஓடு சாதித்துவிட்டது என்று நான் துள்ளியதுண்டு.

அளப்பதற்கு மெஷின் வேண்டாம். தூள் போடாத நீரை ஒரு டம்ளரில் முழுதாகவும், அடுத்தடுத்த டம்ளர்களில் நல்ல தண்ணீர் கலந்து பாதி, கால், அரைக்கால், வீசமாகவும் (பதினாறில் ஒரு பங்கு) நீர்த்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஊற்றி வெள்ளைத் தாள் மேல் வரிசையாக வையுங்கள். இறுத்த நீர் கால் டம்ளரோடு ஒத்துப்போனால் முக்கால் பங்கு சாயம் போயிருக்கிறது. அரைக்காலோடு ஒத்துப்போனால் எட்டில் ஏழு பங்கு.

காரணம் எளிது. கழுவிய ஓட்டின் மேற்பரப்பு தண்ணீரில் எதிர்மின்னேற்றம் பெறும், மெத்திலீன் ப்ளூ நேர்மின்னேற்றம் கொண்டது, ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதுதான் பரப்புக் கவர்ச்சி. ஊறிய தூளை மாட்டுக்கோ செடிக்கோ போட வேண்டாம், சாயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. தெளிந்த நீரும் குடிக்க ஆகாது.

சரி, தறிச் சாயத்துக்கு? பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அதே தூள் அங்கே மூக்கை உடைத்துக்கொண்டது. கொஞ்சம் வினிகர் விட்டுப் புளிப்பாக்கியதும் நிறம் சற்றே இறங்கியது, அவ்வளவுதான். அந்தச் சாயத்தோடு முயல்பவர்கள் தூள் போட்டதிலும் போடாததிலும் வினிகர் விட்டது, விடாதது என்று மொத்தம் நான்கு பாட்டில் வையுங்கள்.