அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவது எப்படி

நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து தானே தன் கெண்டைக்காலை அமுக்கிக்கொள்ளும் அம்மா பல வீடுகளில் உண்டு. அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடமும் 2 ஸ்பூன் நல்லெண்ணெயும் போதும்.

பலமாக அமுக்கினால்தான் பலன் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். மறுநாள் பார்த்தால் அம்மாவின் காலில் அங்கங்கே கன்றி நீலம் பாரித்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார், அப்படிப்பட்டவர்களுக்கு லேசான அழுத்தத்துக்கே கன்றிவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதனால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன் இரண்டு கால்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், தொட்டால் சூடு, சிவப்பு, கெண்டைக்காலில் வலி என்று இருந்தால் தொடவே வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. படுக்கையிலேயே கிடந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் விஷயத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல், புண், புதிதாக விழுந்த சுளுக்கு இருந்தாலும் அன்று வேண்டாம். புடைத்துச் சுருண்ட நரம்புகள் மேல் அழுத்தக் கூடாது.

எண்ணெயை அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம், கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்தாலே போதும். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம், அவர்கள் 'சூடு சரியாத்தான் இருக்கு' என்று சொல்வதை நம்பவே கூடாது.

அப்புறம் நகத்தை வெட்டிக்கொண்டு, அம்மாவைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். கணுக்காலில் தொடங்கி முழங்கால்வரை உள்ளங்கை முழுவதும் பட, மெதுவாக மேல் நோக்கி நீவுங்கள். இறங்கும்போது கை சும்மா தொட்டபடி வரட்டும், அழுத்தம் வேண்டாம். காலில் இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப ஏறியாக வேண்டும், நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் இல்லை, அதனால்தான் சாயங்காலம் கால் கனக்கிறது. உங்கள் கை செய்வது அந்த வேலையில் ஒரு பங்கு. இப்படிப் பத்துத் தடவை நீவினால் சதை இளகிவிடும், அதற்குப் பிறகுதான் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி கெண்டைச்சதையைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். கட்டை விரலால் குத்தாதீர்கள், உங்கள் விரல்தான் முதலில் வலிக்கும். உங்கள் உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தாலே வேண்டிய அழுத்தம் வந்துவிடும். அம்மா பல்லைக் கடிக்கிறாரா என்று முகத்தைப் பாருங்கள், பல அம்மாக்கள் வலித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

முட்டி வலிக்கு முட்டியையே போட்டுத் தேய்ப்பதில் பெரிய பலன் இல்லை. தேய்ந்த குருத்தெலும்பு எந்த எண்ணெய்க்கும் வளராது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்தொடைச் சதையைத்தான் நன்றாகப் பிடித்துவிட வேண்டும், அது இறுகியிருந்தால் முட்டியில் பாரம் கூடும். தொடை இளகியதும் ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள், 10 தடவை. சதைக்கு வலு சேர்ப்பது இந்தப் பயிற்சிதான். வலி குறைந்திருக்கும் நேரத்தில் அம்மா அதை முகம் சுளிக்காமல் செய்வார் என்பதே பெரிய லாபம்.

வலி ஏன் குறைகிறது? இடித்துக்கொண்ட முழங்கையை நம்மை அறியாமலே தேய்க்கிறோமே, அதே கதைதான். தொடு உணர்வு தண்டுவடத்துக்குப் போகும்போது வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதை மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கடுமையாக உழைத்த சதையில் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று பலரும் சொல்வது சரியில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு கால்களின் சதையையும் சோதித்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் லாக்டிக் அமிலம் குறையவில்லை, ஆனால் தேய்த்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. சின்ன ஆய்வு, அதுவும் இளவட்டங்களிடம் செய்தது, அம்மாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தேய்ப்பது வெறும் மனத்திருப்தி மட்டும் இல்லை என்பதற்கு அது எனக்குப் போதும்.

கடைசியில் பாதம். குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலை நீவி, ஒவ்வொரு விரலாக மெதுவாக இழுத்துவிடுங்கள், விரல் இடுக்குகளை மட்டும் எண்ணெய் படாமல் உலர்வாக விடுங்கள். அந்த இடுக்குகளிலும் சர்க்கரை நோயாளிக்குத் தெரியாமலே புண் தொடங்கலாம். போன வருடம் அம்மாவின் சுண்டுவிரல் ஓரத்தில் இருந்த சின்ன வெடிப்பு இப்படித்தான் என் கையில் தட்டுப்பட்டது, மூன்றே நாள் மருந்தில் ஆறியது.

முடிந்ததும் உள்ளங்காலைப் பழைய துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். நடு ராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தால் எண்ணெய்க்கால் டைல்ஸில் வழுக்கும். அதற்குள் அவர் தூங்கியே போயிருந்தாலும், எழுப்பாமல் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும்.