இருட்டியதும் ஃபிக்ஸ் நழுவுகிறதா? அயனி மண்டலத்தைச் சமாளிக்கும் வழி

ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் அளக்கும் ரிசீவரின் ஆன்டெனாவுக்கு மேல் மரமோ கட்டடமோ இல்லை. ஆனாலும் இடம் சில மீட்டர் தள்ளிக் காட்டுகிறது, அல்லது ஆர்டிகே (நிலையான இன்னொரு ரிசீவரின் துணையோடு சென்டிமீட்டர் அளவுக்கு அளக்கும் முறை) ஃபிக்ஸ் என்ற உறுதியான தீர்விலிருந்து ஃப்ளோட் என்ற தோராயத் தீர்வுக்கு இறங்குகிறது. சிக்னல் கடந்து வரும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலத்தைச் சந்தேகித்தால், முதலில் எந்தத் தொல்லை என்று பிரித்துப் பாருங்கள். சிக்னலின் தாமதம் வேறு, அதன் வலிமை துள்ளும் மினுமினுப்பு வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது.

தாமதம் பகலில் பெருகும். உள்ளூர் நேரம் பிற்பகல் 2 மணியை ஒட்டி உச்சம். சிக்னல் கடக்கும் பாதையில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதைப் பொறுத்தது அது. சதுர மீட்டருக்கு 10-இன் 16-ஆம் அடுக்கு எலக்ட்ரான்கள் இருந்தால் ஒரு டெக் அலகு. ஓர் அலகுக்கு ஜிபிஎஸ்ஸின் எல்1 அதிர்வெண்ணில் சுமார் 16 செ.மீ., எல்5 அதிர்வெண்ணில் 29 செ.மீ. பிழை. 50 அலகு என்றால் எல்1-இல் 8 மீட்டர், அதுவும் தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கு. அடிவானத்தை ஒட்டியதற்கு இது ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதனால் தாழ்வான செயற்கைக்கோள்களை ஒதுக்கும் உயரக்கோண வரம்பை 10 முதல் 15 பாகைக்குள் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் செயற்கைக்கோள்கள் குறைந்து உயர அளவு கெடும்.

ஒற்றை அதிர்வெண் ரிசீவர் ஜிபிஎஸ் ஒளிபரப்பும் 8 குணகங்களைக் கொண்ட குளோபுச்சர் மாதிரியை நம்புகிறது. அது பிழையில் பாதியைத்தான் நீக்கும். எஸ்பிஏஎஸ் சேவை (செயற்கைக்கோள் வழியே பிழைத் திருத்தங்களை அனுப்புவது) எட்டும் இடமென்றால் அதைக் கட்டாயம் இயக்குங்கள். சிக்னலில் உள்ள கோடின் (code) அளவை அதைச் சுமக்கும் கேரியர் அலையால் மென்மையாக்கும் வசதி இருந்தால் 100 விநாடியைத் தாண்ட வேண்டாம்: அயனி மண்டலத்தில் கோடு பின்தங்கும், கேரியர் கட்டம் அதே அளவு முந்தும். நேரம் நீள நீள இரண்டும் விலகி, மென்மையாக்கலே பிழையைப் புகுத்திவிடும்.

இரட்டை அதிர்வெண் ரிசீவர் தாமதத்தை ஏறத்தாழ முழுவதும் நீக்கும். ஆனால் அதற்கான எல்1, எல்2 அதிர்வெண்களின் அயனி நீக்கச் சேர்க்கையில் இரைச்சல் சுமார் மூன்று மடங்காகும். பலர் கவனிக்காத இடம் இது. பேஸ் எனும் நிலையான ரிசீவருக்கும் உங்கள் ரிசீவருக்கும் இடையிலான தூரம், அதாவது பேஸ்லைன், சில கிலோமீட்டர்தான் என்றால் இரு முனைக்கும் தாமதம் ஏறக்குறைய ஒன்றே, கழித்தலிலேயே போய்விடும். அங்கே அயனி நீக்கச் சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம்தான். பேஸ்லைன் நீளும்போது அதற்கு மாறுங்கள்.

மினுமினுப்பு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வருவதல்ல, அவை திட்டுத்திட்டாகச் சிதறுவதால் வருவது. காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 20 பாகைக்குள், சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி நள்ளிரவு வரை நீடிக்கும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், பல இடங்களில் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, கடுமையாக இருக்கும். சிக்னல் வலிமை விநாடிக்கு விநாடி துள்ளும், சைக்கிள் ஸ்லிப், அதாவது கேரியர் அலைகளின் எண்ணிக்கை தவறுவது, குவியும். எல்1-இல் ஒரு சைக்கிள் தவறினால் 19 செ.மீ. போயிற்று. இரட்டை அதிர்வெண் இங்கே காப்பாற்றாது. எல்லாச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து துள்ளாது. சில திசைகள் மட்டுமே பாதிக்கப்படும். ஆகவே ஜிபிஎஸ்ஸோடு கலிலியோ, க்ளோனாஸ், பெய்டோ எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். துள்ளுவதை மட்டும் விலக்குங்கள். பேஸை 5 கிலோமீட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

அதிலும் ஃபிக்ஸ் நிற்கவில்லையென்றால் வேலையைக் காலைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத அளவுக்கு அவசரமென்றால் மூலத் தரவைப் பதிவுசெய்து, பின்செயலாக்கத்தில் ஸ்லிப் குறிகள் குவிந்த பகுதிகளை வெட்டுங்கள். அரைமணி இடைவெளியில் ஒரே புள்ளியை, ரிசீவரை மீண்டும் ஃபிக்ஸ் எடுக்கவைத்து, இருமுறை அளந்து ஒப்பிடுங்கள். தவறான ஃபிக்ஸ் திரையில் பச்சையாகவே தெரியும். இரண்டாவது அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.