நாகர்கோவிலில் இருந்து ஆதிச்சநல்லூர் பார்க்கப் போகிறவர்களுக்கு

கல்லை வட்டமாக நட்டு நடுவில் குவித்த ஈமக் குவியலை எதிர்பார்த்து ஆதிச்சநல்லூருக்குப் போகாதீர்கள். அங்கே இருப்பவை இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகளான முதுமக்கள் தாழிகள்தான், அவையும் மண்ணுக்கடியில். கண்ணுக்குத் தெரிவது ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்கிற 114 ஏக்கர் சரளை மேடு. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுவீர்கள்.

வடசேரியில் திருநெல்வேலி பஸ், அப்புறம் திருச்செந்தூர் பஸ். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும், நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். காலையிலேயே போங்கள், ரப்பர் தோட்ட நிழலில் பழகிய நமக்கு அந்தப் பொட்டல் வெயில் தாங்காது.

முதலில் கண்ணாடித் தளத்துக்குப் போங்கள். அகழ்ந்த குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். எல்லோரும் நின்றபடி செல்ஃபி எடுத்துவிட்டு நகர்வார்கள், நீங்கள் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு தாழியை மட்டும் பாருங்கள்: அது எந்தக் குழியில் எப்படி இறக்கப்பட்டிருக்கிறது, வாய் உடைந்திருக்கிறதா, பக்கத்தில் சின்னக் கலயம் ஏதாவது இருக்கிறதா என்று. பொருளைவிட அது கிடக்கிற இடமும் விதமும்தான் ஆய்வாளருக்குச் சாட்சி. 1876இல் ஜெர்மன் ஆய்வாளர் ஜாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போய்விட்டது, பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, தங்க நெற்றிப்பட்டம் உட்பட. இங்கேதான் தாழியைப் புதைத்த இடத்திலேயே பார்க்கலாம்.

பரம்பில் நடக்கும்போது பானை ஓடுகள் கண்ணில் படலாம். உள்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு என்றால் கறுப்பு சிவப்புப் பானை. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்துவிட்டது என்று விளக்குவார்கள். குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். ஒரு துண்டுதானே என்று எல்லோரும் நினைத்தால் பரம்பில் மிச்சம் என்ன இருக்கும்? பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

நம்ம மாவட்டத்திலேயே வாழைக்குக் குழி வெட்டும்போது தாழி தட்டுப்பட்டால்? வேலையை நிறுத்துங்கள், உள்ளே கை விடாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ கம்போ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஜேசிபிக்காரரிடம் "இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.