வராத மெசேஜும் போகாத மின்னஞ்சலும்: எங்கே சிக்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி

மெசேஜ் வரவில்லை என்றதும் முழு போனையும் ‘ரீசெற்’ பண்ணிவிடுகிறவர்கள் திருகோணமலையிலும் நிறையப்பேர். அதில் படங்களும் தொடர்பு எண்களும் போய்விடும், சிக்கல் அப்படியே நிற்கும். ஒரு குறுஞ்செய்தி உங்கள் போனிலோ, தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்திலோ, மற்றவரின் போனிலோதான் தங்கியிருக்கும். எந்த இடம் என்று முதலில் பாருங்கள்.

ரீலோட் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூகுள் மெசேஜஸ் செயலியில் ஆர்சிஎஸ் சாட்டை (எஸ்எம்எஸ் இல்லாமல் டேட்டா வழியாகச் செய்தி அனுப்பும் முறை) நிறுத்துங்கள். பிறகு உங்கள் எண்ணுக்கே ஒரு சொல் அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் உங்கள் போன், சிம், வலையமைப்பு மூன்றும் சரி. பிழை மற்றவரின் எண்ணிலோ போனிலோ இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வராவிட்டால் வாங்கும் பக்கத்தில் தடை. அனுப்பவே மறுத்து சிவப்புக் குறி காட்டினால் அனுப்பும் பக்கம்.

அனுப்ப மறுக்கும் போனில் இரண்டு சிம் இருந்தால், குறுஞ்செய்திக்கு எந்த சிம் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். காசு ஒரு சிம்மில், செய்தி போவது மற்றதில் என்பது மிகச் சாதாரணமான காரணம். அதுவும் சரியென்றால் செய்தி மைய எண்ணைப் பாருங்கள். பல அன்ட்ரொயிட் போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் வரும் பக்கத்தில் அது இருக்கும். ஐபோனில் *#5005*7672# அழுத்த வேண்டும். அந்த இடம் வெறுமையாகவோ பிழையாகவோ இருந்தால் அழைப்புகள் எல்லாம் சரியாகப் போகும், குறுஞ்செய்தி மட்டும் போகாது. சரியான எண்ணை உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு, +94 இல் தொடங்கும்படி பதியுங்கள்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போகவில்லையா? எண் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கனடாவிலோ கட்டாரிலோ இருக்கும் உறவுகளின் போனில் உங்கள் எண் 07 என்று தொடங்கினால் அவர்கள் அனுப்புவது இங்கே வராது. முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு +947 என்று போடச் சொல்லுங்கள். +9407 என்று பூச்சியத்தையும் சேர்த்து எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 026 இல் தொடங்குவது வீட்டுத் தொலைபேசி. அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பயனில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் அளவையும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 இடங்கள்தான், உயிர்மெய்யின் குறி தனி இடம் பிடிக்கும். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து, போனுக்கு 10 இடம். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். அப்போது ஒரு துண்டுக்கு 67 இடம், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். ஒரு துண்டு வழியில் தங்கினாலும் மற்றவருக்கு அரைகுறையாக வரும், அல்லது வரவே வராது. ஆங்கிலச் செய்தியில் ஒரேயொரு இமோஜி போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். அவசரத் தகவலை இரண்டு சிறிய செய்திகளாக அனுப்புவதே நல்லது.

வாங்கும் பக்கம் தடை என்றால் விமானப் பயன்முறையை 30 வினாடி போட்டு எடுங்கள். போன் பக்கத்துக் கோபுரத்தில் புதிதாகப் பதிவாகும், மையத்தில் காத்திருந்தவை வரத் தொடங்கும். கிண்ணியா, மூதூர் என்று போய்வருகிறவர்களுக்கு இது அடிக்கடி உதவும். குன்று குறுக்கே நின்றால் அலை மறைபடும், ஆகவே கோணேசர் கோயில் பாறையடியிலோ உவர்மலைச் சரிவிலோ சிக்னல் குறைந்தால் திறந்த பக்கமாகக் கொஞ்சத் தூரம் நகர்ந்து பாருங்கள். போனின் சேமிப்பிடம் நிறைந்திருந்தாலும் செய்தி உள்ளே வராது. 1 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். வங்கியின் ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் செயலியின் ‘ஸ்பாம் அன்ட் புளொக்ட்’ பகுதியைத் திறவுங்கள், பலமுறை அங்கேதான் கிடக்கும்.

ஐபோனிலிருந்து அன்ட்ரொயிடுக்கு மாறியவர்களுக்கு ஐபோன் வைத்திருக்கும் நண்பர்களின் செய்தி மட்டும் வராமல் போகலாம். பழைய போனில் ஐமெசேஜை (ஐபோன்கள் தங்களுக்குள் இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் சேவை) நிறுத்திய பிறகே சிம்மைக் கழற்ற வேண்டும். அந்தப் போன் கையில் இல்லாவிட்டால் ஆப்பிள் தளத்தில் எண்ணைக் கொடுத்து விலகலாம். ஆர்சிஎஸ்ஸிலும் இதுபோல ஒன்று உண்டு: மற்றவரின் டேட்டா நின்றிருந்தால் செய்தி போய்ச் சேராமல் காத்திருக்கும். தானாகவே எஸ்எம்எஸ் ஆக அனுப்பும் தெரிவை இயக்கி வையுங்கள்.

மின்னஞ்சலுக்குச் சோதனை வேறு. போனின் செயலியை விட்டுவிட்டு, பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். கடிதம் அங்கே இருந்தால் குற்றம் போனில். ஜிமெயில் செற்றிங்ஸில் கணக்கைத் தொட்டு ‘சிங்க் ஜிமெயில்’ இயங்குகிறதா பாருங்கள். பிறகு பற்றரி சேவரும் டேட்டா சேவரும்: இவை பின்னணியில் செயலியைத் தூங்க வைப்பதால், திறக்கும்போது மட்டும் கடிதங்கள் கொத்தாக வந்து விழும். பற்றரிக் கட்டுப்பாட்டிலிருந்து ஜிமெயிலுக்கு விலக்குக் கொடுங்கள். போனின் திகதியும் நேரமும் தவறாக இருந்தாலும் பாதுகாப்பான இணைப்பு உண்டாகாது. நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

பிரவுசரிலும் இல்லையென்றால் இடத்தைப் பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிடுகின்றன. கலியாணவீட்டு வீடியோக்களால் போட்டோஸ் நிறைந்தால் ஜிமெயிலும் கடிதம் வாங்காது. வெளியே போகாமல் நிற்கும் கடிதத்துக்கு அதோடு இணைத்த கோப்பின் அளவுதான் பெரும்பாலும் காரணம். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அனுப்பும்போது கோப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீங்கும் என்பதால் 18 எம்பிக்கு மேல் போகாமல் பாருங்கள். சிக்னல் மெல்லியதாக இருந்தால் அதிலும் சிறியதாக. ஜிமெயில் செயலியின் தரவை அழிக்க முன்னர் அவுட்பொக்ஸில் நிற்பதை வேறெங்காவது நகலெடுங்கள், அழித்தால் அவை போய்விடும்.

அலுவலகக் கணக்கென்றால் பொப் முறையா ஐமாப் முறையா என்று கேளுங்கள். பொப்பில் கணினி கடிதத்தை இறக்கிவிட்டுச் சேவரிலிருந்து அழித்திருந்தால் போனுக்கு எதுவும் மிஞ்சாது. ஐமாப் கடிதத்தைச் சேவரிலேயே வைத்திருக்கும்; இரண்டையும் ஐமாப், போர்ட் 993 என்று மாற்றினால் இனி வருபவை இரண்டிலும் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகும் நின்றால் போனை நிறுத்தி, சிம்மைக் கழற்றி, தகட்டை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். கடலுக்குப் போய்வரும் போன்களில் உப்பு படிந்திருக்கும். அதன்பின் அதே சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் போனின் ‘நெட்வேர்க் செற்றிங்ஸ் ரீசெற்’ செய்யலாம்; வைஃபை கடவுச்சொற்கள் அழியும், படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயும் பழுதென்றால் அடையாள அட்டையோடு நிறுவனக் கிளைக்குப் போய் அதே எண்ணில் புதிய சிம் கேளுங்கள். தவறிய செய்தியின் நேரத்தையும் அனுப்பியவரின் எண்ணையும் எழுதிக் கொண்டு போங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.